என் பெயரைச் சொல்லி மலையிறக்கிய பிள்ளை

செயலாளர் ஐயா, நீங்கள் பொய் சொல்லித்தான் என் பள்ளிப் பிள்ளை சின்னியை ஜீப்பில் ஏற்றினீர்கள். அந்தப் பொய்க்கு என் பெயரை எடுத்துக்கொண்டீர்கள். இதை உங்கள் அலுவலகத்தில், உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு டீ வாங்கிவர ஆளை அனுப்பினீர்கள். குடிக்காமல் எழுந்து வந்தேன். இப்போது அச்சில் சொல்கிறேன். இந்தப் பத்திரிகை உங்கள் மேசைக்கும் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கு நான் யார் என்று சொல்ல வேண்டும். நான் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். இப்போது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் நாட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், இந்தச் செயலாளர் ஐயாவின் சங்கம் நடத்துகிற பள்ளியில் பிள்ளைகளுக்கு நூல்வேலை சொல்லிக்கொடுக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இன்னும் அங்கே லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிறீர்கள். மீதிப்பேர் என்னைப்போலக் கப்பலேறி வந்து நீலகிரியிலும் நூல் மில்களிலும் சிதறிக் கிடக்கிறீர்கள். எனக்கு அழகாக எழுத வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு, அதற்கு மேல் கையில் கிடைத்ததைப் படித்தது, அவ்வளவுதான். பயத்தோடுதான் எழுதுகிறேன். ஏன் பயம் என்பது போகப்போகத் தெரியும்.

இந்த மலைக்கு வந்து சில வருஷம் ஆகியும் ஒரு விஷயம் எனக்குப் பழகவில்லை. இங்கே விடியற்காலையில் யாரும் தப்புப் பறை அடித்து எழுப்புவதில்லை. அங்கே தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து, இருட்டில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்கு ஓடுவோம். பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. இங்கே சாமை விதைக்கிறவர் தன் நேரத்துக்கு எழுகிறார், தன் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார். யாரும் அவர் பெயரைக் கூப்பிடுவதில்லை. இன்றைக்கும் அந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அடிக்காத தப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். இதைச் சொன்னால் ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். "டீச்சருக்கு யாராச்சும் ஒதச்சி எழுப்பணும் போல, இல்லன்னா பொழுது விடியாது" என்பாள் முனியம்மா. முனியம்மா சின்னியின் தாய். அவள் அப்படிச் சொல்லிச் சிரித்த நாட்கள் போய்விட்டன. இப்போது ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டால் தாய்மார் பிள்ளைகளை இழுத்து வீட்டுக்குள் தள்ளுகிறார்கள். தள்ளிவிட்டு என் வீட்டுப் பக்கம் பார்க்கிறார்கள்.

நான் எப்படி இங்கே வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் அப்பாவின் தாத்தா கண்ணமங்கலம் பக்கத்துக்காரர். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருவன் வந்து, பெட்டிக்குள் இருந்து கம்பளியை எடுத்துப் போர்த்தி, அக்கரையில் தேங்காயும் மாசிக்கருவாடும் கிடைக்கும், வேலை நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனானாம். மலையேறிப் பார்த்தால் அட்டையும் மழையும். அந்தக் கதையை எங்கள் லயத்தில் எல்லாரும் தங்கள் வீட்டுக் கதையாகச் சொல்வார்கள். இத்தனை காலம் கழித்து அரசாங்கம் என்னைத் "தாயகம்" அனுப்பியபோது கண்ணமங்கலத்துக்குப் போய் அந்தத் தாத்தாவின் வழியில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். ஒரு கடைக்காரர் மட்டும் நின்று கேட்டார். "சிலோனா? அங்க தங்கம் சீப்பாமே, எதுனா எடுத்தாந்தீங்களா?" என்றார். அதோடு சொந்த ஊர் முடிந்தது. பிறகு மண்டபம் முகாம், ஒரு நூல் மில், மில் மூடியதும் மறுபடி முகாம். அங்கே ஒருநாள் செயலாளர் ஐயா வந்தார். மலைப்பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தர ஆள் வேண்டும், குளிர் தாங்க வேண்டும், ஓடிப்போகக் கூடாது என்றார். குளிர் எனக்குப் பழக்கம். ஓடுவதற்கு இடமில்லை. வந்துவிட்டேன்.

கைவேலை எனக்குத் தெரிந்தது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அறைக்கு அங்கே அந்தப் பெயர். நான் அங்கே ஆயா. ஒரு தகரக் கூரை, வரிசையாகத் தொட்டில், மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள். பொம்மை கிடையாது. பழைய சாக்கு மட்டும் நிறையக் கிடைக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு துண்டுச் சாக்கைக் கொடுத்து நூலை ஒவ்வொன்றாக உருவச் சொன்னேன். அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்தியது. அடிக்கிற பிள்ளை அடிப்பதை மறந்தது. உருவிய நூலைத் திரிக்கச் சொன்னேன். திரித்ததைக் கோணி ஊசியில் கோத்து மறுபடி சாக்கிலேயே ஓட்டச் சொன்னேன். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. கணக்கே வராத பிள்ளைக்கு அதில் ஒன்று இரண்டு வந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வேறு வழி இல்லாமல் கண்டுபிடித்தது. விரல் நிதானப்பட்டால் பிள்ளையும் நிதானப்படுகிறது. என் படிப்பு இவ்வளவுதான்.

மலைக்கு வந்து முதல் வேலையாக நான் கேட்டதும் பழைய சாக்குதான். ஊர்ப் பெண்கள் பள்ளி வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா டீச்சர், சிலோன்ல துணியே கெடையாதா? சாக்கப் பிரிச்சிக் கட்டிக்குவீங்களா?" என்றாள் ஒருத்தி. "நல்ல சாக்க இவங்க பிரிக்கச் சொல்றாங்க, அப்பறம் புளிய எதுல கட்டறதாம்?" என்றாள் இன்னொருத்தி. நான் தோட்டத்துப் பேச்சில் ஏதோ பதில் சொன்னேன். அது அவர்களுக்குப் புரியவில்லை. என்னைப் பேசவைத்துக் கேட்பதே அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. ஆனால் பிள்ளைகளை அனுப்பினார்கள். இந்த மலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்பது ஆடு மேய்க்கிற ஒரு கையை இழப்பது. இழந்துகொண்டே அனுப்பினார்கள். அதை மறக்க மாட்டேன்.

சின்னி வெள்ளையனுக்கும் முனியம்மாவுக்கும் ஒரே பெண். எட்டு வயது இருக்கும். காது கேட்கும், பேச்சு வராது. வராது என்றால் ஊமை இல்லை. தாயிடம் ஒன்றிரண்டு சொல் சொல்வாள், வெளியாள் வந்தால் அதுவும் அடங்கிவிடும். கை நடுங்கும். பலப்பத்தைப் பிடித்தால் கீழே விழும். முன்பிருந்த வாத்தியார் அவளை மூலையில் உட்காரவைத்துவிட்டாராம். நான் அவளிடம் சாக்கைக் கொடுத்தேன். ஒரு மாதம் உருவினாள். வேறு எதுவும் செய்யவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே திரிக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு மூங்கில் சட்டம் செய்தேன். வெள்ளையன்தான் மூங்கில் வெட்டிக் கட்டிக்கொடுத்தார். அதில் நூலை நெடுக்காகப் பாவாக இழுத்துக் கட்டி, கிழிந்த சேலைத் துண்டுகளைக் குறுக்கே ஊடையாகக் கொடுத்து மிதியடி நெய்வது. பெரியவர்கள் தனியாக நெய்வார்கள். நான் சட்டத்தை அகலமாகச் செய்து இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்தேன். துணி சுற்றிய குச்சியை ஒருத்தி பாதி தூரம் நுழைத்து "இந்தா" என்பாள். மற்றவள் "குடு" என்று சொல்லி வாங்கி, திருப்பி அனுப்புவாள். சொல்லாவிட்டால் குச்சி வராது. இதுதான் சட்டம். சின்னிக்கு எதிரே பச்சை என்கிற பெண்ணை உட்காரவைத்தேன். பச்சை சண்டைக்காரி, வாய் ஓயாதவள். அவள் குச்சியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். "சொல்லுடி. சொல்லாம குடுக்க மாட்டேன். ராத்திரி வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருப்பேன், எங்கம்மா வந்து ஒன்ன தான் திட்டும்" என்பாள். எத்தனை நாள் அப்படிப் போயிற்றோ. ஒரு மத்தியானம் சின்னி வாயைத் திறந்து "குடு" என்றாள். பச்சை குச்சியைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, சின்னி பேசிவிட்டாள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். முனியம்மா களையெடுத்த கையோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். மகள் இன்னொரு தடவை சொல்லும்வரை போகவில்லை.

அதன்பின் சின்னியின் கை நடுக்கம் குறைந்தது. பலப்பம் நின்றது. வீட்டில் தண்ணீர் மொண்டு சிந்தாமல் வைக்கிறாள் என்று வெள்ளையன் என்னிடம் வந்து சொன்னார். மழைக்கு ஒதுங்கினவர் போல வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனார். எதிரெதிரே உட்கார்ந்து குச்சி மாற்றுகிற அந்த வேலையில் அவளும் பச்சையும் மிக வேகமானார்கள். பச்சை வெளியே யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டே கையை நீட்டுவாள். சின்னி கூரையைப் பார்த்துக்கொண்டு வாங்குவாள். குச்சி ஒரு தடவையும் கீழே விழாது. நான் அதில் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டது தப்பில்லை. என் மேல் பழி போடுகிறவர்கள் இதையும் படிக்கட்டும்.

போன மழைக்காலம் முடிந்ததும் சங்கத்துக்கு ஆண்டு விழா. கீழே இருந்து விருந்தினர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலில் பச்சைக்கல் மோதிரம். பட்டுத்தறி வைத்திருக்கிற முதலாளிகளுக்கு வேண்டியவர் என்று சொன்னார்கள். பிள்ளைகள் பாடினார்கள், மாலை போட்டார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. சின்னியும் பச்சையும் நெய்கிற சட்டத்தின் அருகில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு சின்னியின் பின்னால் குனிந்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் அவள் கண்ணை மூடினார். சின்னி திடுக்கிட்டாள். ஆனால் கை நிற்கவில்லை. பச்சை நீட்ட, இவள் வாங்கினாள், திருப்பிக் கொடுத்தாள். மோதிரக் கைக்குக் கீழே "குடு, குடு" என்று வாய் மட்டும் அசைந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். செயலாளர் ஐயா பலமாகத் தட்டினார். நான் தட்டவில்லை.

ஏன் என்றால் அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் கங்காணி வந்து தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையைச் செடியின் மேல் வைக்கச் சொல்வார். கை எட்டினால் பெயர் பதியலாம், அரைப்பேருக்கு, அதாவது பாதிக் கூலிக்கு, வேலை. எட்டாவிட்டால் இன்னொரு வருஷம் பள்ளிக்கூடம். என் தம்பி கையை வைத்தபோது என் அம்மா அவன் முழங்காலைப் பின்னாலிருந்து தட்டி மடக்கிவிட்டாள். கங்காணி சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கி நிமிர்த்தினார். கோபமே படவில்லை. நல்ல மாட்டைப் பார்க்கிறவன் முகம் அது. மோதிரக்காரர் சின்னியின் கண்ணைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது அதே முகம்.

அன்றைக்கே செயலாளர் ஐயாவிடம் சொன்னேன். "அந்தாளை இனி இங்க கூப்பிடாதீங்க. புள்ளைங்க கையப் பாக்குறாரு, புள்ளையப் பாக்கல" என்றேன்.

"நீங்க சிலோன்ல இருந்த நெனப்புலயே இருக்கீங்கம்மா" என்றார் அவர். "இங்க யாரும் யாரையும் புடிச்சிக்கினு போறதில்ல. அவரு மலைக்குக் கம்பளி குடுக்கறேன்னு சொல்லிட்டுப் போறாரு. வேணாம்னு சொல்லட்டுமா? குளிர்ல நடுங்கறவங்க கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கம்பளி கொடுக்கிறவனை நம்பாதீர்கள், எங்கள் பாட்டனை அப்படித்தான் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள் என்றேன். அவர்கள் நான் சொன்னதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையன் நிதானமாகக் கேட்டார், "உங்களுக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லட்டுங்களா டீச்சர்? நீங்களும் குளிர்ல தான இருக்கீங்க." கிண்டல் இல்லை. எனக்குக் கம்பளி கிடைக்காத வருத்தம் என்று உண்மையாகவே நினைத்தார். கடலைப் பார்க்காத மனிதருக்குக் கங்காணியை எப்படி விளங்கவைப்பது?

அங்கே இலங்கையில், கலவரத்தில் லயங்கள் எரிந்த செய்தியெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் தங்கை குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாமல் பல நாள் இருந்தேன். மார்கழியில் அவர்கள் கப்பலேறிவிட்டார்கள், மண்டபத்துக்கு வருகிறார்கள் என்று சேதி வந்தது. செயலாளர் ஐயாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் மறுக்கவில்லை. வழிச்செலவுக்குக் கையில் பணம்கூடக் கொடுத்தார். பிள்ளைகளிடம், "கீழ போயிட்டு வர்றேன், சட்டத்தைப் பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தங்கையைப் பார்த்து, அவள் கணவரையும் பிள்ளைகளையும் முகாமிலிருந்து வெளியே எடுக்க ஒவ்வொரு மேசையாக நின்று, கூட்டிக்கொண்டு திரும்ப நாளாகிவிட்டது.

மலையடிவாரம்வரை பஸ், பிறகு ஆட்கள் சேர்ந்து வாடகை கொடுக்கிற பங்கு ஜீப், ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. தங்கையின் பிள்ளைகள் தலையில் மூட்டையோடு என் பின்னால் வந்தார்கள். ஊர் எல்லையில் முனியம்மா நின்றுகொண்டிருந்தாள். புதுக் கம்பளி போர்த்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்தபடியே என் பின்னால் வருகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் பிள்ளையையும் பார்த்து முடித்தாள்.

"இன்னா டீச்சர், சின்னி எங்க?" என்றாள்.

"சின்னி வீட்டுல இல்லையா?" என்றேன்.

"வூட்ல எப்டி இருப்பா? உங்க கிட்ட தான அனுப்பிச்சோம்."

என் மூட்டை கீழே விழுந்தது எனக்குத் தெரியவில்லை. தங்கைதான் எடுத்தாள்.

நடந்ததைப் பச்சைதான் ஒழுங்காகச் சொன்னாள். நான் போன சில நாளில் மோதிரக்காரர் ஜீப்பில் கம்பளிகளோடு வந்திருக்கிறார். செயலாளர் ஐயா கூட வந்திருக்கிறார். வீட்டுக்கு ஒன்று கொடுத்த பிறகு செயலாளர் ஐயாதான், டீச்சர் நடத்துகிற நூல் வகுப்பு இனிமேல் கீழே பெரிய கட்டடத்தில் நடக்கப்போகிறது, சாப்பாடு உண்டு, படிப்பும் உண்டு, டீச்சர் முன்கூட்டியே இறங்கிப் போய்விட்டார், அங்கே பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். நான் இறங்கிப் போனதை எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் நம்பினார்கள். பக்கத்து ஊரிலிருந்தும் சில பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார்கள். சின்னியை யாரும் இழுக்கவில்லை. டீச்சர் அங்கே இருக்கிறார் என்றதும் அவளே ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

"நீ ஏன் போகல?" என்று பச்சையைக் கேட்டேன்.

"ஏறிக் குந்திக்கினு தான் இருந்தேன். சட்டத்த எடுத்துக்கினு போலாம்னு சொன்னேன். அது எதுக்கு, அங்க பெரிசு இருக்குதுன்னாங்க. நீங்க தான பத்திரமா வெச்சிக்கச் சொன்னீங்க? அதுல்லாம வர மாட்டேன்னு எறங்கிட்டேன்." பிறகு என்னை முறைத்துப் பார்த்தாள். "அப்ப நீங்க அங்க இல்லியா டீச்சர்?"

அந்தக் கேள்வியைச் சின்னியும் கேட்டிருப்பாள். வாயால் இல்லை. ஜீப் நின்றதும் கண்ணால் தேடியிருப்பாள்.

இருட்டுவதற்குள் வெள்ளையன் வந்தார். இந்தத் தடவை உள்ளேயே வந்தார். தங்கையின் பிள்ளைகளைப் பார்த்தார். "உங்க சனங்கள இட்டாந்துட்டீங்க. எங்க புள்ள எங்க?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

மறுநாள் செயலாளர் ஐயாவின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கேதான் அந்த டீ. நல்ல இடத்தில்தான் இருக்கிறார்கள், தொழில் கற்றுக்கொள்கிறார்கள், நீங்கள் ஆரம்பித்துவைத்ததுதானே என்றார். எந்த இடம் என்று கேட்டேன். சிரித்துவிட்டு டீக்கு ஆள் அனுப்பினார். சின்னிக்குப் பேச்சு வராது, அவளுக்குப் பசி என்றுகூட யாரிடமும் சொல்லத் தெரியாது என்றேன். "பேசாத புள்ளைன்னா அங்க நல்லது தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதை விழுங்கினார். பிறகு குரலை மாற்றினார். "உங்க தங்கச்சி குடும்பத்த முகாம் அதிகாரிகிட்ட சொல்லிட்டுத்தான் இட்டாந்தீங்களா? சங்கம் உங்களுக்குக் குடுத்த வூட்ல எத்தன பேரு தங்கலாம்னு ஒரு கணக்கு இருக்குது. யோசிச்சிப் பேசுங்கம்மா." இதுதான் என் பயம். தங்கையின் கடைசிப் பிள்ளை இன்னும் தூக்கத்தில் எழுந்து நெருப்பு நெருப்பு என்று கத்துகிறது. அதை மறுபடி எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

பங்கு ஜீப் ஓட்டுகிறவர்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தார். கரைக்கு ஒரு நிறமும் உடலுக்கு ஒரு நிறமும் கோத்து நெய்கிற பட்டுச்சேலைக்கு ஒரு ஆள் போதாதாம். நெய்கிறவர் ஒரு பக்கம் நூல் கோத்த நாடாவைக் குறுக்கே விட, கரைப்பக்கம் உட்கார்ந்து இன்னொரு நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். "அதுக்குப் புள்ளைங்கள தான் குந்த வெப்பாங்க டீச்சர். சின்ன கை, தறிக்குழிக்குள்ள காலு மடங்கும். கத்துக்க ஒரு வருசம் ஆவும். உங்க புள்ளைங்களுக்கு அது ஏற்கெனவே தெரியுது" என்றார். ஜீப் வளைவில் திரும்பியது. நிறுத்தச் சொல்லி, எந்த ஊரில் அப்படி நெய்கிறார்கள் என்று கேட்டேன். ஓரமாக நிறுத்திவிட்டு ஊர் பெயரைச் சொன்னார்.

அவர் சொன்ன ஊருக்குப் போனேன். கண்ணமங்கலம் தாண்டி இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பிள்ளையை இடம் மாற்றிவிடுவார்கள். மத்தியான நேரம். தெருவில் நுழையும்போது இரண்டு பக்கமும் தறிச் சத்தம். முதல் வீட்டு வாசலில் நின்று, மலையிலிருந்து வந்த பிள்ளை யாராவது இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே தறி நின்றது. அடுத்த வீட்டுக்கு நடந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் அங்கேயும் நின்றது. அதற்கடுத்த வீடும். நான் நடக்க நடக்கத் தெரு முழுக்க அடங்கிக்கொண்டே வந்தது. கொல்லைப் பக்கம் சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவ்வளவு வீடு, ஒரு சத்தம் இல்லை. தோட்டத்தில் லயத்தைச் சுற்றிக் கூட்டம் வருவதற்கு முன்னால் இப்படித்தான் நாய்கூடக் குரைக்காமல் இருந்தது என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.

ஒரு வீட்டு அம்மா வெளியே வந்தார். தலையில் பூ, கையில் முறம். மரியாதையாகத்தான் பேசினார். "மலைப்புள்ளைங்கல்லாம் இங்க யாரும் இல்லிங்க. நீங்க யாரு அந்தப் பொண்ணுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். தாய் இல்லை. சொந்தம் இல்லை. அந்த மலைக்காரி இல்லை. டீச்சர் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லித்தானே பிள்ளையைக் கொண்டுபோனார்கள். இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு நின்றேன். "எந்த ஊருங்க உங்களுக்கு? பேச்சு வேற மாதிரி இருக்குது" என்றார் அந்த அம்மா. போலீஸ் ஸ்டேஷனிலும் அதே கேள்விதான். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கும் முன் என் காகிதங்களைக் கேட்டார்கள். பெற்றவர்கள் வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். வெள்ளையனிடம் வந்து சொன்னேன். அவர் ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயப்படுகிறார். காட்டில் விறகு வெட்டினதற்கு ஒரு தடவை அடி வாங்கினவர். அவருக்கும் பயம், எனக்கும் பயம். இரண்டு பயத்துக்கு நடுவில் பிள்ளை குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அங்கிருந்து எழுதிக் கேட்கிறீர்கள், இந்தியாவுக்கு வரலாமா, அங்கே பயமில்லாமல் இருக்கலாமா என்று. வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே எரிகிறது. வாருங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. இங்கே யாரும் தப்பு அடித்து எழுப்ப மாட்டார்கள். கம்பளி போர்த்தித்தான் எழுப்புவார்கள். நம்மை விற்றவர்களின் ஊர் எது, வாங்கினவர்களின் ஊர் எது என்று நம் ஆட்கள் அங்கே வாதாடுவார்கள். இரண்டிலும் இருந்து பார்த்தவள் சொல்கிறேன். வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பள்ளியை நான் மூடவில்லை. பெரும்பாலானவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பச்சை மட்டும் வருகிறாள். எதிரே ஆள் இல்லாமல் தனியாக நெய்கிறாள், இரண்டு பக்கமும் தானே எழுந்து போய் உட்கார்ந்து. என்னோடு அதிகம் பேசுவதில்லை.

முனியம்மா நேற்று வந்து ஒன்று சொன்னாள். சின்னிக்கு ஊர் பெயர் சொல்ல வராது. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் மலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கையை நீட்டுவாளாம். அடிவாரத்துச் சந்தையில் ஒருமுறை தொலைந்தபோது அப்படித்தான் ஒருவர் கொண்டுவந்து சேர்த்தாராம். தறி இருக்கிற வீட்டுக்குள் மலை தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் சின்னிக்குக் கையை நீட்ட ஒரு பக்கம் இருக்கிறது. அந்தத் தெருவில் என்னைக் கேட்டபோது நான் இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு நின்றேன். கிழக்கே கடல், அதற்கு அந்தப் பக்கம் எரிகிற லயம். மேற்கே மலை, அதில் எனக்குக் கதவைச் சாத்துகிற வீடுகள்.

செயலாளர் ஐயா, இதை அச்சில் படித்ததும் நீங்கள் என்னை மலையிறக்கலாம். தங்கையையும் பிள்ளைகளையும் முகாமுக்குத் திருப்பி அனுப்பலாம். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதுங்கள். எழுத மனமில்லை என்றால் சந்தை நாளில் வாருங்கள். மலை ஊர் எல்லாம் அன்றைக்கு அங்கே கூடும். உங்கள் அறைக்குள் நாற்காலி போட்டுப் பேசுகிற பேச்சு வேண்டாம், டீ வேண்டாம். வெள்ளையனும் முனியம்மாவும் கூட்டத்தின் முன்னால் நிற்பார்கள். நானும் நிற்பேன். நான் யாரையும் அனுப்பச் சொல்லவில்லை என்பதை அவர்கள் முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள். சின்னி எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.